மரத்தூணின் கடைசி ஓர் அடி

பழைய ஓட்டு வீட்டைப் பழுதுபார்க்க வரும் ஆசாரி, கூரையை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் குனிந்து தூணின் அடியைத் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே போயிருந்தால் 'பொத்'தென்று அடங்கிவிடும். எட்டடித் தூணில் மேலே ஏழடி காலம் கடந்தும் உறுதியாக நிற்பதும், கீழே ஓர் அடி மட்டும் விரலால் தோண்டினாலே உதிர்வதும் பழைய வீடுகளில் சாதாரணம். மரம் மட்டம் என்றால் மேலேயும் கெட்டிருக்க வேண்டுமே? ஒரே மரம், ஒரே வயது, ஒரே கூரையின் கீழ். அடியில் இருப்பதும் மேலே இல்லாததும் ஈரம்தான்.

இதைப் பார்த்ததும் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்பது. மருந்து உண்டு, அதற்கு ஓர் இடமும் உண்டு. ஆனால் அந்த இடம் முதலிடம் இல்லை. தூணின் ஆயுளை முடிவு செய்வது அதன் கால் எதன்மேல் எப்படி நிற்கிறது என்பதுதான். பழைய கொத்தனார்கள் பார்த்துப் பார்த்து உலர்வாக வைத்த அந்தக் காலை, வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று நாமே ஈரத்தில் அமிழ்த்துகிறோம். மரத்தூண்கள் கெடுவதில் பெரும்பகுதி இப்படி நடப்பதே என்பது என் கட்சி.

மரம் இற்றுப்போவது பூஞ்சையின் வேலை. அதற்குத் தீனி, காற்று, மிதமான வெப்பம், ஈரம் நான்கும் வேண்டும். முதல் மூன்றும் நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு, அவற்றைத் தடுக்க வழியில்லை. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் உலர் எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பயமில்லை என்பது பொதுவான கணக்கு. 28, 30 சதவீதத்தை எட்டும்போது இழைகளின் சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் சேரும் தண்ணீர் உள்ளறைகளில் தங்க ஆரம்பிக்கும், பூஞ்சைக்கு அதன்பின் கொண்டாட்டம்தான். ஒரு வகைப் பூஞ்சை மரத்தின் நார்ப்பொருளான செல்லுலோஸைத் தின்றுவிட்டுப் பழுப்பு நிறத்தில் கட்டம் கட்டமாக வெடித்த மரத்தை விட்டுவைக்கும். இன்னொரு வகை, நார்களைப் பிணைக்கும் லிக்னினையும் சேர்த்துத் தின்று, வெளுத்துப்போன நார்நாரான பஞ்சாக்கிவிடும். எதுவானாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மரம் தன் பலத்தில் கணிசமான பங்கை இழந்திருக்கும்.

அப்படியானால் ஏன் அடியில் மட்டும்? ஈரம் தரையிலிருந்து வருகிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி தூணின் அமைப்பிலேயே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது மரம் தண்ணீரை வேரிலிருந்து மேலே ஏற்றப் பயன்படுத்திய நுண்குழல்கள் எல்லாம் நெடுக்குவாக்கில் ஓடுகின்றன. தூணை நிறுத்தும்போது அந்தக் குழல்களின் திறந்த வாய்கள் அத்தனையும் தரையைப் பார்த்து நிற்கும். ஆயிரக்கணக்கான உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி ஈரத்தரையில் நிறுத்தியதுபோல. பக்கவாட்டில் நனைந்த மரம் மெதுவாகத்தான் குடிக்கும், வெயில் பட்டதும் காய்ந்துவிடும். குறுக்கே அறுத்த முகம் குடிக்கும் வேகமே வேறு, அது பல மடங்கு. குடித்தது வெளியேறவோ அடியில் வழி கிடையாது.

மண்ணில் நேராக நட்ட தூணுக்கு இன்னும் மோசம். ஆழத்தில் காற்று குறைவு, அதனால் பூஞ்சைக்கு அங்கே திணறல். வெனிஸ் நகரத்துக் கட்டடங்களுக்கு அடியில் சேற்றுக்குள் இறக்கிய மரக்கம்பங்கள் நூற்றாண்டுகளாகச் சுமை தாங்குவது இதனால்தான். தரைக்கு மேலே காற்று உண்டு, ஈரம் இல்லை. இரண்டும் ஒன்றாகக் கிடைப்பது தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில். வேலிக்கால்கள் எப்போதும் அந்த இடத்திலேயே முறிவதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்தப் பாடத்தை மரத்தில் வீடு கட்டிய சமூகங்கள் பலவும் தனித்தனியாகக் கற்றிருக்கின்றன. ஜப்பானின் இசே கோயிலில் தூண்களை இன்றும் பழைய முறைப்படி மண்ணுக்குள்தான் நடுகிறார்கள். அந்தக் கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாகக் கட்டியது 2013இல். சடங்குக் காரணங்கள் தனி, ஆனால் மண்ணில் நட்ட மரத்தை வைத்துக்கொண்டு அதற்கு மேல் அதிக காலம் தள்ளவும் முடியாது. அதே நாட்டின் ஹோர்யூஜி கோயிலில் தூண்கள் கல்மேல் நிற்கின்றன. உலகில் இன்றுவரை நிற்கும் மிகப் பழைய மரக்கட்டடங்களில் அது ஒன்று. அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணின் அடியை மட்டும் மண்ணுக்குள் இறக்கியிருந்தார்கள். பின்னாளில் பார்த்தபோது புதைந்த பகுதி மக்கிப்போய் அந்த இடம் வெறும் பொந்தாக இருந்தது. ஒரே வளாகத்தில் இரண்டு முறைக்கும் சாட்சி. நார்வேயிலும் இதே கதை. ஆரம்பகால மரத் தேவாலயங்கள் தூண்களை மண்ணில் நட்டு, நட்ட இடத்திலேயே இற்று விழுந்தன. பிறகு கல் அடித்தளத்தின்மேல் படுக்கைக் கட்டை போட்டு அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். 12ஆம் நூற்றாண்டில் அப்படிக் கட்டிய ஊர்னெஸ், போர்குன் தேவாலயங்கள் அந்த மழையிலும் பனியிலும் இன்னும் நிற்கின்றன.

நம் பக்கத்தில் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கட்டியவை, தூண்களுக்குப் பர்மாத் தேக்கு. தேக்கின் பெருமையைப் பேசுகிறவர்கள் தூணுக்கு அடியில் இருக்கும் கல்லைக் கவனிப்பதில்லை. தரையிலிருந்து சில அங்குலம் எழும்பி நிற்கும் அடிக்கல், அதன் நடுவே ஒரு குழி, குழிக்குள் இறங்கும் தூணின் கழுந்து, அதாவது ஒடுக்கிச் செதுக்கிய முனை. கருங்கல் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, ஆகவே தரையின் ஓதம் கல்லைத் தாண்டி மரத்துக்கு ஏறுவதில்லை. தரை கழுவும் தண்ணீரும் மரத்தை எட்டாது. வீட்டையே உயர்ந்த மேடையில் எழுப்பி, தாழ்வாரத்தை நீட்டி இறக்கியதால் மழைச்சாரலும் தெறிப்பும் குறைவு. மருந்து என்று தனியாக எதுவும் இல்லாமலே தூணின் கால் உலர்ந்திருக்க இவ்வளவு ஏற்பாடு.

சரி, கரையானுக்கு இந்தக் கல் என்ன செய்யும்? நேரடியாக ஒன்றும் செய்யாது. கரையான் கல்மேல் மண்கூடு கட்டிக்கொண்டு தாராளமாக ஏறிவிடும். ஆனால் அது ஏறுவது நம் கண்ணில் படும். கல் செய்யும் பெரிய உதவி அதுதான்.

கரையானை வெள்ளை எறும்பு என்று சொல்கிறோம், உண்மையில் அது கரப்பான்பூச்சியின் நெருங்கிய சொந்தம். உடம்பின் தோல் மெல்லியது, வெயிலிலும் வறண்ட காற்றிலும் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். ஆகவே மண்ணிலிருந்து மரம்வரை ஈரமான மண்குழாய் கட்டிக்கொண்டே அது பயணப்படும். தூண் நேராக மண்ணிலோ சிமென்ட் விரிசலிலோ நின்றால் அந்தக் குழாய்க்கு அவசியமே இல்லை, மரத்தின் வயிற்றுக்குள் நேராகப் போய்விடலாம். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தாள் கனத்துக்கு ஓடு மட்டும் மிஞ்சும். வெளிநாடுகளில் தூணுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே விளிம்பு மடித்த உலோகத் தகடு வைப்பார்கள். அதுவும் கரையானை நிறுத்தாது, சுற்றி வளைத்து வெளியே வரவைத்துக் காட்டிக்கொடுக்கும். ஆஸ்திரேலியாவிலும் ஹவாயிலும் இன்னொரு தந்திரம் உண்டு. 2 மில்லிமீட்டரை ஒட்டிய அளவில் சலித்த கல்துகளைக் கட்டடத்தைச் சுற்றி இறுக்கி நிரப்புகிறார்கள். துகள் கரையான் தூக்க முடியாத அளவு பெரிசு, துகள்களுக்கு இடையேயான சந்து அது நுழைய முடியாத அளவு சிறிசு. விஷம் ஒரு சொட்டு இல்லை.

நம் புற்றுகளைக் கட்டும் ஒடொண்டோடெர்மஸ் இனக் கரையான் தின்ற மரத்தைத் தானே முழுதாகச் செரிப்பதில்லை. புற்றுக்குள் அந்த எச்சத்தின்மேல் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து அதைத் தின்கிறது. மழைக்குப்பின் முளைக்கும் ருசியான புற்றுக்காளான் அந்தத் தோட்டத்தின் விளைச்சல்தான். இது போகட்டும். ஈரம் கண்டு இளகிய மரத்தைத் தேடிக் கரையான் வருகிறது என்பதே தூணுக்கு முக்கியம். இற்றுப்போவதையும் செல்லரிப்பதையும் இரண்டு நோயாகப் பார்க்கத் தேவையில்லை, ஈரத்தை நிறுத்தினால் இரண்டுமே குறையும்.

மரத்தில் தூள் கொட்டினால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். எல்லாத் தூளும் மண் கரையான் அல்ல. மாவுபோல மெல்லிய தூளும் குண்டூசித்தலை அளவு வட்ட ஓட்டைகளும் இருந்தால் அது வண்டு. தேக்கு போன்ற அகன்ற இலை மரங்களின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் உள்ள மாவுச்சத்துக்காக வருவது, உள்ளே வைரம் பாய்ந்த பகுதியைத் தொடாது. மரத்தை அறுப்பதற்கு முன் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் இந்தச் சத்தைக் கரைத்துவிடத்தான். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய, பட்டை தீட்டிய மணிமணியான எச்சங்கள் குவிந்தால் அது உலர்மரக் கரையான். அதற்கு மண்ணும் வேண்டாம், குழாயும் வேண்டாம், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். இந்த இரண்டுக்கும் தரையில் துளை போட்டு மருந்து ஊற்றுவதால் துளிப் பயன் இல்லை. ஆனால் மருந்தடிக்க வருகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டணத்தில் அதைத்தான் செய்துவிட்டுப் போகிறார்கள்.

மரத்தின் தரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் மரத்துண்டுகளைப் பாதி மண்ணில் புதைத்து எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்த்து வகைப்படுத்தினார்கள். சராசரியாக 120 மாதத்துக்கு மேல் தாங்கினால் முதல் வகுப்பு, 60 முதல் 120 வரை இரண்டாவது, அதற்கும் கீழே மூன்றாவது. தேக்கு முதல் வகுப்பு, மாமரம் மூன்றாவது. ஆனால் முதல் வகுப்பு என்பதே பத்து வருடத்தைத் தாண்டினால் கிடைக்கும் பட்டம்தான் என்பதையும் பாருங்கள். மண்ணில் நட்டால் தேக்குக்கும் சாவு உண்டு. அதோடு அந்தப் பட்டம் வைரப் பகுதிக்கு மட்டும். எந்த மரமானாலும் வெளிப்புற வெள்ளை பூச்சிக்குத் தீனி. இன்று தோட்டங்களில் இளசாக வெட்டி வரும் தேக்கில் வெள்ளை கணிசமாக இருக்கும், 'தேக்குதானே' என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. பனை இதற்கு நேர் எதிர், கருத்த வலுவான பகுதி வெளியே, சோறு உள்ளே. அதனால் பனந்தூண் வெளியே கெட்டியாகத் தெரிந்துகொண்டே உள்ளே கூடாகிவிடும்.

இப்போது நாம் செய்யும் கெடுதல்களுக்கு வருகிறேன். முதலாவது, தரையை உயர்த்துவது. பழைய தரைக்கு மேலேயே மணல், சிமென்ட், டைல்ஸ் என்று போடும்போது இரண்டு மூன்று அங்குலம் ஏறிவிடுகிறது. அடிக்கல் காணாமல் போய், தூண் டைல்ஸிலிருந்து நேராக முளைத்ததுபோல் நிற்கும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கிறது என்று பலருக்குத் திருப்தி. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மாப் போடும் தண்ணீர் தூணின் அறுத்த முகத்துக்குப் போகிறது. இரண்டாவது, 'கரையான் ஏறாமல் இருக்க' அடியைச் சுற்றிச் சிமென்ட் பூசுவது. மரம் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும், சிமென்ட் சுருங்காது. நடுவே விழும் மயிரிழைச் சந்தில் தண்ணீர் இறங்கும், திரும்பி வர வழியில்லை. தூணுக்குத் தொட்டி கட்டிக் கொடுத்த கதைதான். மூன்றாவது, தார் அல்லது எனாமல் பெயின்டை அடிவரை இழுத்துப் பூசுவது. நன்கு காய்ந்த மரத்துக்குப் பூச்சு நல்லது. ஏற்கெனவே ஈரம் ஏறிய காலுக்குப் பூசினால் ஈரத்தை உள்ளே பூட்டியதாகும்.

வெளித் திண்ணைத் தூண்களுக்கு இன்னொரு சோதனை தெருவிலிருந்து வருகிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் வீதி உயர்ந்து, வீட்டின் மேடை தாழ்ந்து, ஒரு காலத்தில் நாலு படி ஏறிய திண்ணைக்கு இப்போது ஒரு படிதான். மழைத்தண்ணீர் தெறிக்கும் உயரத்துக்குத் தூணின் கால் வந்துவிடுகிறது.

முற்றத்து வீட்டில் எந்தத் தூண் முதலில் கெடும் என்று கேட்டால், பார்க்காமலே மூலைத்தூண் என்று சொல்லிவிடலாம். உள்ளே சரியும் நாலு பக்கக் கூரைகளில் அடுத்தடுத்த இரண்டு சந்திக்கும் கூடுவாய் அதற்கு நேர்மேலே. இரண்டு கூரையின் தண்ணீர் ஒரே வாயில் கொட்டும். கூடுவாய்த் தகடு துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் உத்தரத்தின் முனையில் இறங்கி, தூண் வழியாக அடிக்கல்லின் குழிவரை போய்த் தேங்கும். அடியில் பார்க்கும் நோய்க்கு வேர் கூரையில் இருப்பது இப்படித்தான். தகட்டை மாற்ற ஆகும் செலவு தூணை மாற்றும் செலவின் முன் ஒன்றுமே இல்லை.

மருந்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் பயன்பட்ட தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்தியர். மின்கம்பம் முதல் வீட்டுத் தூண் வரை அழுத்தத்தில் ஏற்றிய அந்தக் கலவை, மரத்தின் ஆயுளைப் பல மடங்காக்கியது. ஆர்செனிக் இருப்பதால் அமெரிக்காவில் 2003 முடிவோடு வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாகத் தாமிரத்தை அடிப்படையாகக் கொண்ட வேறு கலவைகள் வந்திருக்கின்றன. மண்ணில் ஊற்றும் கரையான் மருந்தில் ஆல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை ஒரு காலத்தில் ராஜாக்கள். மண்ணில் மட்டுமல்ல, உடம்பின் கொழுப்பிலும் வருடக்கணக்கில் தங்குவதால் 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அவற்றை விலக்கினார்கள். இன்று நம் ஊரில் அதிகம் பயன்படுவது இமிடாகுளோபிரிட் போன்றவை. குடியிருக்கும் வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 6313இன் மூன்றாம் பாகம் சொல்லும் முறை, தரையும் சுவரும் சேரும் இடத்தில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசலைச் செலுத்துவது. ஆள் வந்து தெளிப்பானால் சுவரோரம் ஈரமாக்கிவிட்டுப் போனால் அது சிகிச்சை ஆகாது. கிணறு பக்கத்தில் இருந்தால் இந்த வேலையை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

தூணுக்கு நேராகக் கொடுக்க எனக்குப் பிடித்தது போரேட். போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல், மூங்கிலுக்கும் ரப்பர் மரத்துக்கும் வழக்கமாகக் கொடுப்பது. பூஞ்சை, வண்டு, கரையான் மூன்றையும் பிடிக்கும். ஈரமான மரத்தில் அது தானாகவே உள்ளே பரவும், அதாவது ஆபத்து இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும். மழையில் நனைந்தால் கரைந்தோடிவிடும் என்பது அதன் குறை, கூரைக்குக் கீழே இருக்கும் தூணுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை. பெயின்ட் பூசிய மரத்தில் இறங்காது, முதலில் சுரண்ட வேண்டும். முந்திரிக்கொட்டை ஓட்டின் எண்ணெய் கடலோரங்களில் படகுக்கும் மரத்துக்கும் காலகாலமாகப் பூசுவது, நன்றாகவே காக்கும், ஆனால் கையில் பட்டால் புண்ணாகும். பழைய எஞ்சின் ஆயிலை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நாற்றமும் நச்சும் தங்கும், மரத்தின் மேல்தோலைத் தாண்டி இறங்கவும் செய்யாது.

ஏற்கெனவே கால் போய்விட்டது என்றால்? முழுத்தூணையும் மாற்ற வேண்டும் என்று பதற வேண்டாம். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, கெட்டியான மரம் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உத்தரத்துக்கு இருபுறமும் முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் சுமையை மெதுவாக வாங்கிய பிறகு, குறித்த இடத்துக்குச் சில அங்குலம் மேலேயே அறுத்துவிடலாம். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும், ஆகவே கஞ்சத்தனம் கூடாது. அறுத்த நீளத்துக்குக் கருங்கல் பீடம் வைப்பது சுலபமான வழி. அழகு கெடக்கூடாது என்றால் அதே வகை மரத்தில் சாய்வுப் பொருத்துப் போட்டு ஒட்டவைக்கலாம், அதற்குக் கைத்தேர்ச்சி உள்ள ஆசாரி வேண்டும். எந்த வழியானாலும் ஜாக்கியைத் தொடுவதற்கு முன் கூரையின் சுமை எங்கே இறங்குகிறது என்று புரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஓட்டுக்கூரை ஓரிடத்தில் தூக்கினால் இன்னோரிடத்தில் விரியும்.

காரைக்குடியில் இடித்த வீடுகளின் தூண்களை வாங்கிப் புது வீட்டிலும் ரிசார்ட்டிலும் நிறுத்துவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நூறு வருடத் தேக்கு, கொடுத்த விலைக்குத் தகும். ஆனால் வாங்குகிறவர்களில் பலர் கீழே இருந்த கல்லை விட்டுவிட்டுத் தூணை மட்டும் ஏற்றி வருகிறார்கள், கொத்தனார் அதைக் கான்கிரீட்டுக்குள் ஆறு அங்குலம் இறக்கி 'கெட்டியாக' நிறுத்துகிறார். கல் கிடைத்தால் அதையும் சேர்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தரைமட்டத்துக்கு மேலே ஓர் அங்குலமாவது நிற்கும் கருங்கல் துண்டு, அதிலிருந்து எழும்பும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, தூணின் அடியில் அந்தக் கம்பிக்கு ஒரு துளை. தூணை நிறுத்துவதற்கு முந்தின நாளே அதன் அறுத்த முகத்தில் போரேட் ஊற வேண்டும். கல்லின் மேல்முகம் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தால் தண்ணீர் நிற்காது. தூணைச் சுற்றிக் கல் தெரிகிற மாதிரி விட்டுவிடும்படி டைல்ஸ் போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஏனென்றால் அவர் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள்.